தழலியின் தம்பி

என் அத்தையோடு ஓட்டலுக்குப் போகிறவன் பசியோடு திரும்பி வரத் தயாராக இருக்க வேண்டும். பலகையில் நெய் ரோஸ்ட் என்று எழுதியிருந்தால் அத்தை நெய் ரோஸ்ட்தான் கேட்பாள். வந்ததும் பிய்த்து வாயில் போட மாட்டாள். குனிந்து மோந்து பார்ப்பாள். அப்புறம் சர்வரைக் கூப்பிட்டு, இதில் நெய் எங்கே இருக்கிறது என்று விசாரிப்பாள். கோபமாகக் கேட்டாலாவது சண்டை என்று ஒன்று வந்து முடிந்துபோகும். அவளோ தொலைந்த சாமானைத் தேடுகிறவள் மாதிரி அக்கறையாகக் கேட்பாள். சர்வர் கல்லாவைக் காட்டுவான். கல்லாவில் இருப்பவர் அடுக்களையைக் காட்டுவார். நான் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசியில், அது சும்மா ஒரு பேர்தானம்மா என்று முதலாளி இறங்கி வருவார். அப்படியென்றால் பேரை மாற்றுங்கள் என்று சொல்லிவிட்டு அத்தை கை கழுவ எழுந்துவிடுவாள். அவளுக்குச் சாப்பாடு ஒரு பொருட்டில்லை. கூட வந்தவனுக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது என்பது அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

மேலே என்ன எழுதியிருக்கிறதோ அது உள்ளே இருக்க வேண்டும். அத்தையின் மொத்த வேதாந்தமும் இவ்வளவுதான். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருத்தி சிவகாசியில் பட்டாசு வியாபாரம் பண்ணினால் என்ன ஆகும் என்று கூட இருந்து பார்த்தவன் நான்.

அத்தையும் மாமாவும் விஸ்வநத்தம் பக்கம் சின்னதாக ஒரு வெடி ஆபீஸ் வைத்திருந்தார்கள். பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மருந்து, ஆட்கள், லைசென்ஸ் எல்லாம் மாமாவின் பொறுப்பு. சரக்குக்குப் பேர் வைப்பது, லேபிள் அடிப்பது, வெளியூர் வியாபாரிகளிடம் பேசி ஆர்டர் பிடிப்பது அத்தையின் பொறுப்பு. நான் சிவகாசி டவுனில் ஓர் ஆஃப்செட் பிரஸ்ஸில் கம்ப்யூட்டரில் லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த நேரம். சொந்தக்காரன் என்கிற ஒரே பாவத்துக்காக அத்தை கம்பெனியின் வேலை முழுவதும் என் தலையில் விழும்.

லேபிள் என்றால் என்ன என்று சிவகாசியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெட்டிக்குள் கட்டைவிரல் தண்டிக்கு ஒரு புஸ்வாணம் இருக்கும். மேலே படத்தில் அதுவே பனைமர உயரத்துக்குப் பூவாய்ச் சொரியும். பக்கத்தில் ஏதோ ஒரு நடிகையின் சாயலில் ஒரு பெண் கன்னத்தில் கைவைத்துச் சிரிப்பாள். வாங்குகிறவனுக்கும் தெரியும், விற்கிறவனுக்கும் தெரியும், யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. இதை அத்தைக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

"எம்புட்டு உசரம் போகும்னு நீ பார்த்தியாலே?" என்பாள்.

பார்க்கவில்லை என்று சொன்னால் விட மாட்டாள். ஆபீசுக்குப் பின்னால், சரக்கைக் கொளுத்திப் பார்க்கிற பொட்டல் ஒன்று உண்டு. அங்கே கூட்டிக்கொண்டு போய், என்னைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, ஓர் ஆளிடம் புஸ்வாணத்தைப் பற்ற வைக்கச் சொல்வாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னையும் பொறியையும் மாறி மாறிப் பார்ப்பாள். பொறி என் தோள் உயரம் வந்திருந்தால் படத்தில் நிற்கிற பையனுக்கும் தோள் உயரம்தான். மூன்று கலர் என்று போட்டிருந்த சரக்கில் இரண்டு கலர்தான் பளிச்சென்று தெரிந்தது என்றால் லேபிளில் இரண்டு கலர். ராக்கெட்டில் நிலாவை வரைந்திருந்தேன் என்பதற்காக ஒரு மத்தியானம் முழுக்க என்னைப் பிடித்துவைத்துக்கொண்டு, இது நிலா வரைக்கும் போகுமா என்று கேட்டாள். போகாது என்று ஒப்புக்கொண்டு நிலாவை எடுத்த பிறகுதான் மோர் வந்தது.

இப்படியாக, சிவகாசியிலேயே சோம்பலான லேபிள்கள் அத்தை கம்பெனியுடையவை. ஒரு பையன் நிற்பான், அவன் பக்கத்தில் ஒரு புஸ்வாணம் அடக்க ஒடுக்கமாக எரியும். இது பட்டாசா ஊதுபத்தியா என்று வியாபாரிகள் போனில் சிரிப்பார்கள். பிரஸ்ஸில் கூட வேலை பார்த்தவர்களும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஏப்பா இன்னும் கொஞ்சம் ஊதேன் என்பார்கள். வரையத் தெரிந்த கையை வைத்துக்கொண்டு இப்படி அடக்கி அடக்கி வரைவது எவ்வளவு எரிச்சல் என்று வரைகிறவனுக்குத்தான் தெரியும்.

புத்தகங்களிடமும் அத்தை இப்படித்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படிக்கு அடியில் வாடகைப் புத்தகக் கடை வைத்திருந்தார் ஒரு பாய். அத்தை வாரா வாரம் போவாள். புத்தகத்தைத் திருப்பித் தருவதோடு சேர்த்து ஒரு புகாரும் தருவாள். அட்டையில் மண்டை ஓடு போட்டிருக்கிறது, உள்ளே ஒரு சாவுகூட இல்லை என்பாள். நெஞ்சை உறைய வைக்கும் என்று போட்டிருக்கிறது, உறையவில்லை என்பாள். அட்டை போடுகிறவர் வேறு, கதை எழுதுகிறவர் வேறு என்று பாய் ஒருமுறை தன்மையாக விளக்கிப் பார்த்தார்.

"நான் ரெண்டையும் சேத்துத்தான பாய் கொண்டு போறேன்?" என்றாள் அத்தை.

அடுத்த வாரம் போனபோது பாய் பேய்க்கதைகள் அத்தனைக்கும் காக்கித்தாளில் அட்டை போட்டு வைத்திருந்தார். படமும் தெரியாது, பாராட்டும் தெரியாது. அத்தை வருவதற்காகவே இந்த ஏற்பாடு என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். பாவம், அப்போதும் தப்பிக்க முடியவில்லை. முதல் பக்கத்தில் ஊளையிட்ட நரி கடைசிப் பக்கம் வரைக்கும் வரவேயில்லை என்று அத்தை அதற்கு அடுத்த வாரம் போய் நின்றாள்.

அந்த நாவலை அவளுக்குக் கொடுத்ததும் பாய்தான். மூன்று பாகம். அப்போது இரண்டு பாகங்கள் வந்திருந்தன. மாயமும் திகிலும் கலந்த இருட்டுக்கதை. ஒரு பத்திரிகையில் தொடராக வந்து, புத்தகமாகி, டீக்கடை பெஞ்சு வரைக்கும் போயிருந்தது. பஸ்ஸில் யாராவது ஒருவர் கையில் அது இருக்கும். இதிலும் குறை சொன்னால் கடையை மூடிவிட்டு வேறு தொழில் பார்க்கப் போகிறேன் என்று சொல்லித்தான் பாய் கொடுத்தார். அதன் பேரை இங்கே எழுதாமல் விடுகிறேன். மூன்றாம் பாகத்துக்குப் பிறகு அந்தப் பேரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்று அத்தை உத்தரவு போட்டாள். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

கதை இதுதான். பாதாளத்தில் இருக்கும் ஓர் அரசன் சூரியனை விழுங்கிவிடுகிறான். நாடு முழுவதும் இருட்டு. அவன் மனிதர்களின் நிழல்களைத் தின்கிறவன். நிழலைப் பறிகொடுத்தவர்கள் அவனுக்கு அடிமை. தழலி என்று ஒரு பெண். அவள் உள்ளங்கையில் நெருப்பு உண்டு. அவளுக்கு ஒரு சின்னத் தம்பி. அவனுடைய நிழலில் பாதியை அரசன் தின்றுவிட்டான். வெளியே கூட்டிப்போனால் மீதியும் போய்விடும். அதனால் தம்பியை ஒரு குகைக்குள் வைத்து, ஓர் அகல்விளக்கை ஏற்றிக் கொடுத்து, இந்த எண்ணெய் தீர்வதற்குள் வந்து உன்னைக் கூட்டிக்கொண்டு போவேன் என்று சொல்லிவிட்டு அவள் பாதாளத்துக்குக் கிளம்புகிறாள். முதல் பாகம் அங்கே முடிகிறது.

அத்தை முதல் பாகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனாள். குறை ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் பாகத்தைக் கேட்டாள். பாய்க்குப் பயமாகிவிட்டது. உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதா என்று என்னிடம் விசாரித்தார்.

எனக்கு அந்த நாவலைப் படிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. நான் லேபிள் புரூஃபை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போகும்போதெல்லாம் அத்தை கதையை ஆரம்பித்துவிடுவாள். எனக்கு மட்டுமல்ல, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற பெண்களுக்கும் சொல்லியிருந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு அவர்கள் காத்திருப்பார்கள். அத்தை நன்றாகச் சொல்வாள். பாதாளத்தின் ஒவ்வொரு வாசலையும் தழலி கடக்கும்போது, இந்நேரம் தம்பியின் விளக்கில் எண்ணெய் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்துவாள். அது நாவலில் உள்ளதா, அவளாகச் சேர்த்ததா என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் பாகமும் முடிந்தது. மூன்றாவது வந்ததும் தம்பி வெளியே வருகிறதை நான் வந்து சொல்கிறேன் என்று அந்தப் பெண்களுக்கு அத்தை வாக்குக் கொடுத்துவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒவ்வொரு சீசனுக்கும் ஒவ்வொரு கம்பெனியும் புதுச் சரக்கு என்று ஒன்றாவது விட வேண்டும். அதற்கு ஊரெல்லாம் தெரிந்த ஒரு பேர் வேண்டும். பெரும்பாலும் சினிமாவில் இருந்து எடுப்பார்கள். அந்த வருஷம் அத்தை தன் புதுப் புஸ்வாணத்துக்குத் தழலி என்று பேர் வைத்தாள். கதை முடியட்டும், அவள் செத்துகித்துப் போனாலும் போவாள் என்று நான் சொன்னேன். தழலியா, சாகவா என்று என்னைப் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கும் ஆசைதான். இருண்ட மலை, நடுவில் ஒரு பெண், அவள் உள்ளங்கையில் இருந்து கிளம்பி வானத்தை மறைக்கிற நெருப்பு. முதல் முறையாக அத்தை என் கையைப் பிடிக்கவில்லை. தழலியின் கையில் அவ்வளவு நெருப்பு உண்டு, புத்தகத்திலேயே இருக்கிறது, ஆகவே பொய்யில்லை என்று தீர்ப்பு வந்துவிட்டது. புஸ்வாணத்தையும் விடவில்லை. பழையதைவிட உயரமாகப் பொறி வரும்வரை மாமாவைப் படுத்தி எடுத்து, அப்புறம்தான் லேபிளை அச்சுக்கு விட்டாள்.

ஆர்டர் கொட்டியது. ஊதுபத்தி என்று சிரித்த வியாபாரிகளே இன்னொரு லோடு, இன்னொரு லோடு என்று கேட்டார்கள். அந்தக் கம்பெனி அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. ஆடிப்பெருக்குக்கு விற்பனைப் பூஜை போட்டபோது மாமா புதுச்சட்டை போட்டிருந்தார்.

மூன்றாம் பாகம் அந்த ஆடியில்தான் வந்தது. பாய் முதல் பிரதியை அத்தைக்கென்று எடுத்து வைத்திருந்தார். என் தங்கை பிள்ளைக்கு மொட்டை போட நாங்கள் எல்லோரும் வேன் பிடித்து இருக்கன்குடிக்குக் கிளம்பினோம். அத்தை புத்தகத்தோடு ஏறினாள். கோயிலில் கும்பிட்டுவிட்டு, பெண்கள் பொங்கல் வைக்க, அவள் மட்டும் ஆற்றோரம் ஒரு மர நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பொங்கல் பொங்கியபோதுகூடத் தலை நிமிரவில்லை. நாங்கள் இலை போட்டுக்கொண்டிருந்தபோது எழுந்து வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"தம்பியக் காணோம்லே" என்றாள்.

என் அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. அந்தக் கூட்டத்தில் எந்தப் பிள்ளையைக் காணோம் என்று ஆளுக்கொரு பக்கம் ஓட ஆரம்பித்தார்கள். மொட்டைத் தலையோடு நின்றவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் தங்கை மற்றவர்களைத் தேடினாள். தழலியின் தம்பி என்று எனக்குப் புரிந்து, எல்லோரையும் நிறுத்தி உட்கார வைப்பதற்குள் சோறு ஆறிப்போனது. அம்மா அன்று அத்தையைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. அத்தைக்கு எதுவும் காதில் விழவில்லை.

மூன்றாம் பாகத்தில் நடந்தது இவ்வளவுதான். பாதாள அரசன் உண்மையில் நல்லவனாம். ஏதோ ஒரு சாபமாம். தழலி அவன்மேல் காதலாகி, கை நெருப்பை அவனுக்கே கொடுத்து, சாபம் தீர்ந்து, சூரியன் உதித்து, பட்டாபிஷேகம் நடந்து, பூமாரி பொழிந்து, சுபம். குகையும் இல்லை, விளக்கும் இல்லை, தம்பி என்கிற பேச்சே இல்லை.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் எழுதியவரைத் திட்டியிருப்பாள். அத்தை சிவகாசிக்காரி. அவளுக்கு முதலில் வந்த சந்தேகம் பைண்டிங் மேல்.

"ஒரு ஃபாரம் விட்டுப்போச்சுலே. தம்பி வர்ற ஃபாரத்தை வைக்காம தச்சுட்டானுக" என்றாள்.

ஒரு தாளில் பதினாறு பக்கம் அச்சடித்து மடிப்பதுதான் ஃபாரம். அவற்றை வரிசையாக அடுக்கித் தைத்தால் புத்தகம். அடுக்குகிறபோது ஒன்று விட்டுப்போவது எங்கள் ஊரில் நடக்காததில்லை. வேனிலேயே பக்க எண்களைப் புரட்டிப் பார்த்தாள். சரியாக இருந்தது. எண்ணையே தப்பாகப் போட்டிருப்பார்கள் என்றாள். மறுநாள் என்னைப் பிரஸ்ஸில் இருந்து பாதி வேலையில் கிளப்பிக்கொண்டு பாய் கடைக்குப் போனாள். அங்கிருந்த இரண்டு பிரதிகளையும் வாங்கி, மூன்றையும் விரித்து வைத்து, முதுகைப் பிரித்து ஃபாரம் ஃபாரமாக ஒப்பிடச் சொன்னாள். பாய் தன் புத்தகங்களின் முதுகு உடைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். மூன்றும் ஒன்றுதான். எதுவும் விட்டுப்போகவில்லை.

"அப்ப, எழுதவே இல்லையா?" என்று அத்தை மெல்லக் கேட்டாள்.

இல்லக்கா, என்றார் பாய். அவரும் படித்திருந்தார். அவருக்குத் தம்பி ஞாபகமே வரவில்லையாம். அத்தை சொன்ன பிறகுதான், அட ஆமா என்று தோன்றியதாம். நாடு பூராவும் படித்தவர்களில் ஒருவர்கூடத் தேடாத ஒரு பையனை என் அத்தை மட்டும் தேடிக்கொண்டிருந்தாள்.

தேடட்டும், யார் வேண்டாம் என்றது? அடுத்த நாள் காலையில் தழலி லேபிளை நிறுத்தச் சொன்னாள். முதல் லோடு போய்விட்டது. இரண்டாவது லோடுக்குச் சரக்கு பெட்டி பெட்டியாகத் தயாராக இருந்தது. லேபிள் அடித்தால் ஒட்டி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. வியாபாரிகள் தினமும் போன் பண்ணினார்கள். அத்தை கையெழுத்துப் போடாமல் பிரஸ்ஸில் வேலை ஓடாது.

அவள் வாதம் இப்படிப் போனது. தழலி என்று பேர் போட்டால் என்ன அர்த்தம்? சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் என்று அர்த்தம். இப்போது அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று ஆகிவிட்டது. ஆகவே லேபிள் பொய். பொய் லேபிளை அவள் ஒட்ட மாட்டாள். வாங்குகிறவன் புஸ்வாணம் எரிகிறதா என்றுதான் பார்ப்பான், அவள் தம்பியைப் பற்றி எவன் கேட்கப் போகிறான் என்று நான் கத்தினேன். நிஜமாகவே கத்தினேன். மாமா என் தோளைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். மாமா அதிகம் பேசாதவர்.

"மாப்ள, எப்படியாவது பேசி முடி. இந்தச் சீசன் போச்சுன்னா எந்திரிக்க மாட்டோம். லேபிள் ஒட்டுற பொம்பளைக வேலை இல்லாம உக்காந்திருக்காக" என்றார்.

அதைவிட மோசம், அந்தப் பெண்கள் அத்தையைப் பார்க்கும்போதெல்லாம் தம்பி வந்துவிட்டானா என்று கேட்டார்கள். மூன்றாம் பாகம் வந்தது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அத்தை மத்தியானத்தில் வேப்பமரத்துப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

ஆவணியில் மதுரையில் புத்தகக் கண்காட்சி போட்டார்கள். அந்த எழுத்தாளர் வந்து கையெழுத்துப் போடப் போகிறார் என்று பாய் சொல்லி அனுப்பினார். மாமா என் முதலாளியிடம் தானே பேசி எனக்கு லீவு வாங்கிக் கொடுத்தார். மூன்று பாகங்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அத்தை பஸ் ஏறினாள். வழி நெடுக என்ன கேட்கலாம், எப்படிக் கேட்கலாம் என்று என்னை வைத்து ஒத்திகை பார்த்தாள். எழுத்தாளருக்குப் பதிலாக நான் பதில் சொல்ல வேண்டும். திருமங்கலம் வருவதற்குள் எனக்குப் பாதாள அரசனே தேவலாம் என்று ஆகிவிட்டது.

வரிசை நீளமாக இருந்தது. முன்னால் நின்ற காலேஜ் பெண்களெல்லாம் பட்டாபிஷேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எழுத்தாளர் பார்க்க நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். களைத்துப்போய், ஆனாலும் எல்லோரிடமும் சிரித்தபடி எழுதிக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்ததும் பேர் என்னம்மா என்று கேட்டுப் பேனாவைத் திறந்தார். அத்தை பேரைச் சொல்லவில்லை.

"ஐயா, அந்தத் தம்பி என்ன ஆனான்?" என்றாள்.

"எந்தத் தம்பி?" என்றார் அவர்.

தழலியின் தம்பி, குகை, விளக்கு என்று நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு கணம் விழித்தார். அப்புறம் நினைவு வந்து, அல்லது வந்ததாகக் காட்டிக்கொண்டு, அதை வாசகர்களின் கற்பனைக்கு விட்டிருக்கிறேன் என்று சிரித்தார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அத்தை மூன்று புத்தகங்களையும் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். கையெழுத்து வாங்கவில்லை.

திரும்பும்போது விருதுநகரில் இறங்கிப் பரோட்டா சாப்பிட்டோம். எண்ணெயில் பொரித்த பரோட்டாவுக்குப் பேர்போன ஊர் அது. எண்ணெய் சரியில்லை, சால்னாவில் தண்ணீர் என்று ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். எதையும் மோந்து பார்க்காமல், எதையும் திருப்பி அனுப்பாமல் சாப்பிட்டாள். என்ன அத்தை, என்று கேட்டேன். சிவகாசி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நான் எட்டாப்பு முடிச்ச லீவுல எங்கய்யா சொன்னாக. ஒரே ஒரு சீசன் தீப்பெட்டி ஆபீசுக்குப் போயிட்டு வா, அப்புறம் பள்ளிக்கூடம் போகலாம்னு. சீசன் முடிஞ்சது. நான் பாவாடை சட்டையெல்லாம் தொவச்சு வச்சுக்கிட்டு இருந்தேன். அவுக ஒண்ணும் சொல்லல. ரெண்டு வருசம் கழிச்சு நானே கேட்டேன். எந்தப் பள்ளிக்கூடம்னாக."

மடியில் இருந்த மஞ்சள் பையின் காதுகளை முடிச்சுப் போட்டாள்.

"நல்ல மனுசந்தான் எங்கய்யா. வேணும்னு செய்யல. மறந்துட்டாக. அதான்லே என்னால தாங்க முடியல" என்றாள்.

அத்தையைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்போடு அப்பா நிறுத்திவிட்டவள் என்பது தெரியும். துவைத்து வைத்த பாவாடை தெரியாது.

மறுநாள் காலையில் நான் வேலைக்குப் போவதற்கு முன்பே பிரஸ் வாசலில் நின்றாள். லேபிளை அடி, படம் அப்படியே இருக்கட்டும், பேரும் இருக்கட்டும் என்றாள். கும்பிடாத சாமியெல்லாம் எனக்குக் கண்முன் வந்தது. பின்பக்கம் மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள். பெட்டியின் பின்பக்கம் ஒற்றைக் கலர். ஒரே ஒரு அச்சுப் பிளேட்டை மாற்றினால் போதும் என்பதையும் யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள்.

பின்பக்கத்தில் வழக்கமான எச்சரிக்கைகள் இருக்கும். திறந்த வெளியில் வைத்துப் பற்ற வைக்கவும். பருத்தி ஆடை அணியவும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள்ளவும். அதற்குக் கீழே, அதே எழுத்தில், அத்தை சொன்னதை அடித்தேன்.

தழலி சொன்னபடி திரும்பி வந்தாள். தம்பி வெளியே வந்துவிட்டான்.

அடித்து முடித்ததும் எனக்குப் பழைய எரிச்சல் திரும்பிவிட்டது. நிலாவை அழிக்க வைத்தவள் அல்லவா? லேபிளில் பொய் போட மாட்டேன் என்று எங்கள் எல்லோர் உயிரையும் எடுத்தாயே, இது மட்டும் என்னவாம் என்று கேட்டேன்.

"பொய் இல்லலே. அவரு எழுத மறந்துட்டாரு. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டுப் புரூஃபில் கையெழுத்துப் போட்டாள்.

அன்று மத்தியானம் அத்தை வேப்பமரத்தடிக்குப் போனதாக மாமா சொன்னார். புது லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு, தழலி குகைக்குத் திரும்பிப் போனதைச் சாப்பாட்டு நேரம் முடிந்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். விளக்கில் கடைசிச் சொட்டு எண்ணெய் இருந்ததாம். தாமதமானதற்குத் தம்பி ஒன்றும் சொல்லவில்லையாம். மாமாவே கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.

லோடு தாமதமாகத்தான் போனது. போனது வரைக்கும் விற்றது. அந்த வரியைப் பற்றி எந்த வியாபாரியும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள் என்று நான் அத்தையிடம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தேன்.

தீபாவளி முடிந்து கொஞ்ச நாள் கழித்து, அடுத்த வருஷத்து லேபிள் விஷயமாக அத்தையின் ஆபீசுக்குப் போயிருந்தேன். அவள் பின்னால் பொட்டலில் எதையோ கொளுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. நான் எடுத்தேன். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு, ஒரு பெண் குரல். பெட்டியில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றார். சரக்கில் ஏதோ குறை என்று நினைத்து, சொல்லுங்க என்றேன். அவர் கொஞ்சம் தயங்கினார்.

"ஏனுங்க, அந்தத் தம்பி நெசமாவே வெளிய வந்துட்டானுங்களா?"

புத்தகத்தில் தேடித் தேடிப் பார்த்தாராம். கிடைக்கவில்லையாம். நாம்தான் எதையோ சரியாகப் படிக்காமல் விட்டுவிட்டோம் என்று நினைத்துக்கொண்டாராம். பிள்ளைகள் கொளுத்தி முடித்த காலிப் பெட்டியைக் குப்பையில் போடப் போனபோதுதான் பார்த்தாராம். எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு புஸ்வாணத்தின் உயரத்தை அளந்துகொண்டிருந்தாள். அது எங்கள் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது, விற்பனைக்காகப் போட்டது என்று சொல்லலாம். உண்மையும் ஏறக்குறைய அதுதான்.

"வந்துட்டான்மா. புத்தகத்துல போட மறந்துட்டாங்க" என்றேன்.

சரிங்க, ரொம்பச் சந்தோசமுங்க என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகை என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தபோது புஸ்வாணம் அணைந்து புகைகூட அடங்கியிருந்தது. நன்றாகத் துடைத்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, நம்ம புஸ்வாணம் அவுக வீட்ல எம்புட்டு உசரம் போச்சுன்னு கேட்டியா?"

கேட்கவில்லை. அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.